போன் தொலைந்தால் யாரிடம் சொல்வது?

(திருகோணமலையில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் மேடைக்கு வருமுன் ஒரு தம்பி ஒலிவாங்கியைப் பிடித்து, எல்லோரும் கைத்தொலைபேசியை அணைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் அணைக்கவில்லை. சிலர் சத்தத்தைக் குறைத்தீர்கள், சிலர் மடியில் கவிழ்த்து வைத்தீர்கள். ஒரு அம்மா அதுகூடச் செய்யவில்லை. கட்டாரிலிருந்து மகன் எடுக்கிற நேரம் என்று பக்கத்திலிருந்தவருக்கு அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. குறை சொல்லவில்லை. நானும் அணைக்கவில்லை.

நான் பேச வந்த விஷயமே இதுதான். வேலைத்தளங்களில் போனைப் பற்றி விதி போடுகிறார்கள். ஊழியர்கள் தலையாட்டிவிட்டுத் தங்களுக்கு வசதியானதைச் செய்கிறார்கள். கள்ளன் நுழைவது அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்தால். இந்தத் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் கொம்பனிகளுக்குக் கணினி பூட்டிக் கொடுத்தும் பழுது பார்த்தும் காலம் கழித்தவன் நான். அங்கே கண்டதை வைத்துத்தான் பேசுகிறேன்.

எல்லா விதியையும் நம் ஆட்கள் மீறுவதில்லை. சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியர் கட்டியவற்றில் எஞ்சியிருக்கும் 99 குதங்கள். 1942 ஏப்ரல் 9 காலையில் யப்பானிய விமானங்கள் வந்து துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. அன்று எண்ணெய் எரிந்த கதையை என் பாட்டனார் சொல்லக் கேட்டு வளர்ந்தேன். எண்ணெய் எரிந்தால் என்ன நடக்கும் என்று இந்த ஊருக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. அதனால் எரிபொருள் உள்ள வளாகத்துக்குப் போகிறவர் தீப்பெட்டியையும் பீடிக்கட்டையும் வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போவார். பிற்காலத்தில் அந்தப் பட்டியலில் போனும் சேர்ந்தது. எரிவாயு பரவக்கூடிய இடத்தில் சாதாரண போன் கூடாது, தீப்பொறி எழாதபடி தனியாகச் செய்த கருவிதான் வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். கோதுமை மா அரைக்கும் ஆலைகளிலும் கவனம் வேண்டும். மாத்தூசு காற்றில் அடர்ந்து நின்றால் வெடிக்கும். இந்த விதிக்கு யாரும் முகம் சுளித்து நான் காணவில்லை. மீறினால் சாகப்போவது தானும் பக்கத்தில் நிற்பவனும் என்று எல்லோருக்கும் தெரியும்.

போனுக்குள் இருக்கும் ஆபத்து அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வரும். இந்தச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அலுவலக மின்னஞ்சல் திறக்காது என்று இருக்கும். ஏன் என்று ஒரு வரி இருக்காது. கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இந்த நாட்டில் சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள். ஆனால் போன் விதிகளுக்கு மட்டும் இங்கிலாந்து மகாராணி இன்னும் ஆட்சி செய்கிறாள் போலும். லொறிச் சாரதியும், பொதி எண்ணிப் பதிகிறவரும், காவலாளியும் கையெழுத்து வைத்துவிட்டுப் போகிறார்கள். எதற்கு வைத்தோம் என்று கேட்டால் தெரியாது.

ஆபத்து கற்பனை என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் கடற்படைத் தளம் உள்ள ஊர், அதனால் ஒன்றிரண்டு சம்பவங்களைச் சொல்லியாக வேண்டும். ஓடுவதையும் சைக்கிள் மிதிப்பதையும் பதிந்து வைக்கும் ஸ்ட்ராவா என்ற செயலி, தன் பாவனையாளர்கள் உலகில் எங்கெங்கு ஓடினார்கள் என்று ஒரு வரைபடத்தை 2017 இறுதியில் வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஓர் அவுஸ்திரேலிய மாணவர் அதை உற்றுப் பார்த்தார். பாலைவனத்தின் நடுவே இராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. சிப்பாய்கள் உடற்பயிற்சிக்கு ஓடிய தடம் அது. அவர்கள் யாருக்கும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை, ஓடினார்கள், அவ்வளவுதான். இதே வங்காள விரிகுடாவின் வடமேற்குக் கரையில் இருக்கிறது விசாகப்பட்டினம். அங்கே 2019 டிசம்பரில் இந்தியக் கடற்படையினர் சிலர், சமூக ஊடகத்தில் பழகியவர்களுக்குத் தகவல் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டில் கைதானார்கள். தொடர்ந்து, கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போன், பேஸ்புக் இரண்டுமே கூடாது என்று இந்தியக் கடற்படை தடை போட்டது.

போர்க்கப்பலுக்கு அந்தத் தடை பொருந்தும். சீமெந்துக் கப்பலுக்கும் கோதுமைக் கப்பலுக்கும் வேலை செய்கிற முகவர் அலுவலகத்துக்கு அதை அப்படியே கொண்டுவந்தால் என்ன ஆகும்? அலுவலகம் ஒரு மணித்தியாலம்கூட நடக்காது. கப்பல் எப்போது கட்டும், லொறி எத்தனை வேண்டும், மழை வருகிறது ஹட்ச் மூடவா, எல்லாமே வட்ஸ்அப் குழுவில்தான் ஓடுகிறது. அதிகாரபூர்வமாக அந்தக் குழு இல்லை. உண்மையில் கொம்பனியே அதுதான்.

இந்த இடத்தில் கப்பல் துறையில் இருக்கும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2017 ஜூன் 27. டென்மார்க்கின் மேர்ஸ்க் நிறுவனம். உலகில் பெட்டிகள் ஏற்றும் கப்பல் கொள்ளளவில் ஐந்திலொரு பங்குக்கு அண்மித்தது அன்று அவர்கள் கையில். உக்ரைனில் வரிக்கணக்குப் பார்க்கப் பாவிக்கும் ஒரு மென்பொருளின் வழியாக நொட்பெட்யா என்ற தீம்பொருள் உள்ளே வந்து, சில மணித்தியாலங்களில் நிறுவனத்தின் கணினிகளை உலகெங்கும் முடக்கிவிட்டது. திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்தன. மும்பைக்குப் பக்கத்தில் ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் அவர்களுடைய முனையமும் நின்றுபோனது. வாசலில் லொறிகள் வரிசை கட்டின. எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. பிறகு 4,000 சேவையகங்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் புதிதாக நிறுவினோம் என்று அதன் தலைவர் சொன்னார். நட்டம் 25 முதல் 30 கோடி டொலர்.

அந்த நாட்களில் நடந்த இரண்டு விஷயங்கள் என் மனதை விட்டுப் போகவில்லை. முதலாவது கானாவில் நடந்தது. ஊழியர்களின் கணக்குகளை நிர்வகிக்கும் தலைமைச் சேவையகங்கள் எல்லா நாட்டிலும் அழிந்துவிட்டன, கானாவில் மட்டும் ஒன்று தப்பியிருந்தது. காரணம், தாக்குதல் நேரத்தில் அங்கே மின்சாரம் இல்லை. 2022 இல் மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதைக் கேட்டுச் சிரிக்க ஓர் உரிமை உண்டு. இணைய வேகம் போதாமல் அந்தத் தரவைக் கையில் எடுத்துக்கொண்டு, மீட்பு வேலை நடந்த இங்கிலாந்துக்குப் பறந்தார்கள். கானா ஊழியர்களிடம் பிரித்தானிய விசா இல்லாததால் ஒருவர் நைஜீரியா வரை கொண்டுபோய் இன்னொருவரிடம் கொடுக்க, அவர் லண்டனுக்கு எடுத்துச் சென்றார். அஞ்சலோட்டம் மாதிரி.

இரண்டாவது இன்றைய பேச்சுக்கு நெருக்கமானது. மின்னஞ்சலும் பதிவு முறைமையும் செத்துக்கிடந்த நாட்களில் ஊழியர்கள் சும்மா இருக்கவில்லை. சொந்த ஜிமெயில் திறந்தார்கள். சொந்த போனில் வட்ஸ்அப் மூலம் வாடிக்கையாளரின் பதிவுகளை வாங்கினார்கள், எக்செல் தாளில் எழுதினார்கள். நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கான பதிவுகூட அப்படி நடந்தது. எந்தப் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டாலும் அலுவலக வேலைக்குச் சொந்த போனும் வட்ஸ்அப்பும் வேண்டவே வேண்டாம் என்பார். அப்படிப்பட்ட போன்தான் அன்று கப்பல்களைத் தள்ளிவிட்டது. இதை வைத்து விதியே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. தொழிலாளியின் போனைத் திருடன் வரும் வழியாக மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வீடு எரியும்போது தண்ணீர் வந்ததும் அதே வழியால்தான் என்று காட்ட நினைத்தேன்.

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமை பணம் கேட்கும் தீம்பொருளுக்கு இரையானது. ஏறத்தாழ 5,000 முகவரிகள். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போய்விட்டன, அந்தக் காலத்துக்குப் பிரதி எடுத்து வைக்கப்படவில்லை. புதுப்பிக்காத பழைய மென்பொருள் காரணமாகச் சொல்லப்பட்டது. எந்த ஊழியரின் போனாலும் வந்த வினை அல்ல அது. இருந்தாலும் அடுத்த கூட்டத்தில் கொம்பனிகள் இறுக்கியது ஊழியர்களின் போன் விதியைத்தான். கையில் கிடைப்பதைத்தானே இறுக்க முடியும்.

உண்மையான ஓட்டை எங்கே என்று கேட்கிறீர்களா? துறைமுகத்துக்குள் நுழைய அனுமதிச்சீட்டு வேண்டும். அதற்குச் சாரதியின் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்துக் குழுவில் போடுகிறார்கள். அந்தக் குழுவில் ஐம்பது பேர். ஐம்பது போனின் படத்தொகுப்பிலும் அந்த அட்டை தானாகப் போய் உட்காருகிறது. பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்கும் மீன் குழம்பு செய்முறைக்கும் நடுவில். வேலையை விட்டுப் போனவரைக் குழுவிலிருந்து எடுக்க யாருக்கும் ஞாபகம் வராது. பிறகு ஒருநாள் போன் விழுந்து கண்ணாடி உடைகிறது. சந்தைப் பக்கம் உள்ள கடையில் கொடுக்கிறோம். கடைத் தம்பி ஒரு சிறு துண்டில் ஒன்பது புள்ளி வைத்து, பூட்டுக் கோலம் என்ன அண்ணன் என்று கேட்பான். நாமும் கோடு இழுத்துக் கொடுத்துவிட்டு வருகிறோம். அந்தத் துண்டு போனின் முதுகில் இறப்பர் பட்டியோடு மூன்று நாள் கிடக்கும். எந்த நாட்டு உளவாளிக்கும் இதைவிட வசதி செய்து கொடுக்க முடியாது. அந்தத் தம்பிகள் நல்ல பிள்ளைகள் என்பதால்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறோம்.

கடவுச்சொல் விஷயமும் இப்படித்தான். அடிக்கடி மாற்று என்றால் மனிதன் என்ன செய்வான்? ட்ரிங்கோ1 என்பதை ட்ரிங்கோ2 ஆக்குவான். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனத்துக்காக 2003 இல் அந்த வழிகாட்டலை எழுதிய பில் பர் என்பவரே 2017 இல் அதற்காக வருத்தம் தெரிவித்தார். நிறுவனமும் அந்த ஆண்டு தன் வழிகாட்டலை மாற்றி, காரணமில்லாமல் காலத்துக்குக் காலம் மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது. நம் அலுவலகங்களுக்கு அந்தச் செய்தி வந்துசேரவில்லை. இன்னும் தொண்ணூறு நாளுக்கொருமுறை திரை மிரட்டுகிறது.

இப்போது எனக்குப் பேசக் கஷ்டமான பகுதி. பெயர் வேண்டாம், ஒரு கொம்பனி. எல்லோருடைய போனிலும் நிர்வாகச் செயலி போட்டார்கள். போட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஒரு மேற்பார்வையாளர் வேலையை விட்டு விலகினார். நல்லபடியாகக் கைகுலுக்கித்தான் போனார். கணினிப் பகுதியில் இருந்த பையன் பட்டியலைப் பார்த்து, விலகியவரின் கருவியை அழி என்ற பொத்தானை அழுத்தினான். அது அலுவலகத் தரவை மட்டும் அழிக்கும் வகையில் அமைக்கப்படவில்லை. போன் முழுக்க வெறுமையானது. அடுத்த நாள் அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. “ஐயா, உம்மாட போட்டோ அதுலதான் இருந்திச்சி. வேற இடத்துல இல்ல” என்றார். தாயார் அதற்கு முந்தின வருடம் மௌத்தாகியிருந்தார்.

இந்த ஊரில் போனில் உள்ள படம் என்பது வெறும் படமா? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இடம்பெயர்ந்தபோது எத்தனை வீட்டின் கல்யாண அல்பம் போனது. மிஞ்சியதை 2004 டிசம்பர் 26 இல் கடல் எடுத்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் தாத்தாவின் முகம் தெரியாத பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு சேர்ந்ததெல்லாம் போனுக்குள் இருக்கிறது. மேகத்தில் பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று புத்தி சொல்லலாம். றீலோட் முடிந்து தரவுக்குக் காசில்லாத ஒருவருக்கு அந்தப் புத்தி எவ்வளவு உதவும்? கொழும்பில் இருந்து பொத்தான் அழுத்துகிறவருக்கு அது ஒரு கருவி இலக்கம். இங்கே அது ஒரு வீட்டின் அலுமாரி.

இன்னொன்றும் உண்டு. இந்த வீதிகளில் சோதனைச் சாவடி இருந்த காலம் என் வயதுக்காரருக்குத் தெரியும். இறங்கு, அட்டையைக் காட்டு, பையைத் திற, எங்கே போகிறாய், ஏன் போகிறாய். அட்டையை மறந்துவிட்டு வெளியே போன நாளின் நடுக்கம் இன்னும் கைவிரலில் இருக்கிறது. அப்படி வளர்ந்தவரிடம் போய், உங்கள் இருப்பிடத்தைக் கொம்பனி பார்க்கும், பாதுகாப்புக்காகத்தான் என்று சொன்னால், பாதுகாப்பு என்ற சொல்லே அவருக்கு வேறு மாதிரித்தான் கேட்கும். எதிர்த்துப் பேசமாட்டார். சரி சேர் என்பார். பிறகு பழைய போன் ஒன்றில் அந்தச் செயலியைப் போட்டு மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, வழக்கமான போனில் வழக்கமான வட்ஸ்அப் குழுவில் வேலையைப் பார்ப்பார். கொம்பனியின் கணக்கில் அவர் நாள் முழுக்க லாச்சிக்குள் இருக்கிறார்.

வழி இல்லாமலில்லை, தொழில்நுட்பத்தில் அது பழைய செய்தியும்கூட. அண்ட்ரொய்ட் போன்களில் 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து வேலைக்கென்று தனி அறை பிரிக்கலாம். ஒரே போனுக்குள் இரண்டு வீடு, நடுவில் சுவர். வேலைச் செயலிகளில் சிறிய பெட்டி அடையாளம் இருக்கும். கொம்பனிக்கு அந்த அறைக்குள் உள்ளது மட்டும் தெரியும். சொந்தப் படம், சொந்தக் குறுஞ்செய்தி, எந்தெந்த விளையாட்டுச் செயலி வைத்திருக்கிறீர்கள் என்பது தெரியாது. போன் என்ன மாதிரி, மென்பொருள் புதுப்பித்ததா, பூட்டு இருக்கிறதா என்பவற்றைப் பார்க்கும். அதைக் கேட்பது நியாயம். ஊழியர் விலகினால் அந்த அறையை மட்டும் இடிக்கலாம். பின்னேரம் வேலை முடிந்ததும் அறையை நீங்களே பூட்டிவிடலாம், அறிவித்தல் வராது. ஐபோனிலும் 2019 முதல் இதே போன்ற ஏற்பாடு உண்டு. அன்றைக்கு நாங்கள் அந்த மேற்பார்வையாளரின் போனை இப்படி அமைத்திருந்தால் அவருடைய உம்மாவின் படம் இருந்திருக்கும். கூடுதல் செலவு ஒன்றுமில்லை. அரை நாள் வேலை. நாங்கள் செய்யவில்லை.

எல்லா போனும் இதைத் தாங்காது என்பதையும் சொல்லவேண்டும். 2022 இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறியபோது போன் விலையும் கூடவே ஏறியது. உடைந்த கண்ணாடியோடு ஐந்து வருடப் பழைய போனை ஓட்டுகிறவர்கள் ஏராளம். அதில் இரண்டாவது வீடு கட்டினால் முதல் வீடும் சரிந்துவிடும். அப்படியானால் கொம்பனி போன் வாங்கிக் கொடுக்க வேண்டும். லொறிக்கு டயர் கொம்பனிதானே போடுகிறது, சாரதியா போடுகிறார்? தரவுக் கட்டணமும் அப்படித்தான்.

சட்டமும் ஊழியர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லி, அதற்கு வேண்டிய அளவுக்கு மட்டும் தரவு எடுக்கச் சொல்கிறது. தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமையைத் தருகிறது. தரவுப் பாதுகாப்பு அதிகார சபையின் பணிப்பை மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போடப்பட்டது என்பது வேறு கதை. சட்டம் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்காமல், தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில், எதைப் பார்ப்போம், எதைப் பார்க்கமாட்டோம் என்று எழுதிக் கொடுக்க எந்த முகாமையாளருக்கும் தடை இல்லை.

கடைசியாக, போன் தொலைவதைப் பற்றி. பஸ்ஸில் தவறும், இறங்குதுறையில் கடலுக்குள் விழும். தொலைவதை எந்த விதியாலும் தடுக்க முடியாது. தொலைந்ததற்கும் அலுவலகத்துக்குத் தெரிய வருவதற்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த ஊர் அதை முன்பே கண்டிருக்கிறது. 1942 ஏப்ரல் 8 அன்று, யப்பானியக் கப்பல்கள் நெருங்குகின்றன என்ற தகவல் வந்து சேர்ந்ததால்தான் இந்தத் துறைமுகத்திலிருந்த கப்பல்களை இரவோடிரவாகக் கடலுக்கு அனுப்பினார்கள். மறுநாள் விமானங்கள் வந்தபோது பெரும்பாலான கப்பல்கள் குடாவில் இல்லை. திரும்பி வந்துகொண்டிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு மூழ்கியது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் செய்தி ஒரு பகல் பிந்தியிருந்தால் இழப்பு இன்னும் எவ்வளவோ.

ஒரு போக்குவரத்துக் கொம்பனியில் சாரதிகளைக் கூட்டி வைத்துக் கேட்டேன்: இரவு போன் தொலைந்தால் யாரிடம் சொல்வீர்கள்? அமைதி. கடைசியில் ஒருவர் சொன்னார், “ஆரிட்டயும் சொல்ல மாட்டன் சேர். சம்பளத்தில வெட்டுவாங்க. ரெண்டு மூண்டு நாள் தேடிப்பாத்திட்டுத்தான் சொல்லுவன்.” இரண்டு மூன்று நாள்! முகாமையாளர் என் பக்கத்தில்தான் இருந்தார். அவருக்கு அது புதுச் செய்தி.

அந்த வாரமே விதி மாறியது. ஒரு மணித்தியாலத்துக்குள் சொன்னால் வெட்டு இல்லை, கேள்வியும் இல்லை. ஓர் இலக்கத்தை லொறியின் கண்ணாடியில் ஒட்டினார்கள். முதல் அழைப்பு இரவு ஒன்றரைக்கு வந்தது. பதினைந்து நிமிடத்தில் அந்த போன் இருக்கைக்கு அடியிலேயே கிடைத்துவிட்டது. முகாமையாளர் காலையில் என்னோடு கோபித்துக்கொண்டார், நித்திரை கெட்டது என்று. இரண்டாவது அழைப்பும் அப்படித்தான், வீட்டில் மறந்துவிட்டு வந்திருக்கிறார். மூன்றாவது அழைப்பு வந்தபோது போன் உண்மையாகவே போயிருந்தது, அநுராதபுரம் பஸ்ஸில். அதன் வேலை அறைக்குள் ஐம்பது சாரதிகளின் அட்டைப் படம் இருந்தது. அவர் பஸ்ஸைவிட்டு இறங்கி, பக்கத்தில் நின்றவரின் போனை வாங்கித்தான் எடுத்தார். இருபது நிமிடத்தில் வேலை அறையை அழித்துவிட்டோம்.